பெருவிரல் கறை பட்ட கவர்

உபதேசியார் சாலொமோன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களில் எழுதியிருந்த நன்றிகளை வாசிக்கத் தொடங்கியபோது, இப்போதுகூட எழுந்துபோய் அந்தக் கட்டிலிருந்து தன்னுடைய கவரை உருவிக்கொண்டு வந்துவிடலாமே என்றுதான் மாசிலாமணிக்கு முதலில் தோன்றியது. கடைசித் தூணிலிருந்து பலிபீடத்துப் படிவரை எத்தனை எட்டு இருக்கும், இருபது இருக்கும், முழங்கால் ஒத்துழைத்தால் ஒரு நிமிஷம். ஆனால் எந்தப் பக்கமாகப் போவது. இடது பக்க பெஞ்சுகளில் ஏனோஸும் அவருடைய ஜெபக்குழு ஆட்களும். வலது பக்கம் சபைக் குருவான செல்வின் ஐயர் சொல்வதைக் கேட்கிற படித்த ஆட்கள், வாத்தியார்மார், பேங்க்காரர்கள். முன்பெல்லாம் இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். இந்த நாலு வருஷத்தில் அது மாறி, புருஷனும் பொஞ்சாதியும் சேர்ந்து உட்காரலாம் என்றான பிறகு, கட்சி கட்சியாக உட்கார்ந்துவிட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டுமானால் உபதேசியார் ஒரு கவர் வாசித்து முடித்ததும் காதைக் கொடுத்தால் போதும். இடது பக்கத்திலிருந்து “ஸ்தோத்திரம்! அல்லேலூயா!” என்று ஒரு சத்தம் எழும்பும். வலது பக்கம் லேசாகத் தலையை ஆட்டும். மாசிலாமணி தூணுக்குப் பின்னால் இரண்டுக்கும் நடுவில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “திருமதி ஜெயராணி, பேரனுக்கு வெளிநாடு போக விசா கிடைத்ததற்காக” என்றார் உபதேசியார். அல்லேலூயா. மேலே ஃபேன் கிறீச்சென்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகியது. அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஐயருக்கும் தோன்றவில்லை, ஏனோஸுக்கும் தோன்றவில்லை. நான் வந்து விட்டுத் தருகிறேன் என்று மாசிலாமணி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரிடம் யார் கேட்டார்கள்.

எல்லாக் கவரும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கோவில் கோபுரப் படம் அச்சிட்ட மஞ்சள் கவர். ஆனால் அவருடையதை அவரால் இங்கிருந்தே கண்டுபிடித்துவிட முடியும், மூலையில் பெருவிரல் கறை இருக்கும். நாற்பத்து மூன்று வருஷம் சைக்கிள் கடை. செயினிலும் ஃப்ரீவீலிலும் ஊறின கிரீஸ் ரேகைக்குள் இறங்கிவிட்டது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அந்த வருஷம், கல்யாணமாகி முதல் வருஷம், கோவில் அசனப் பண்டிகையில் பந்தி பரிமாற முன்னால் போனார். ஊரெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், உயர்வு தாழ்வு கிடையாது என்று பிரசங்கத்தில் சொன்ன அதே நாள். சாம்பார் வாளியைத் தூக்கினபோது ஏனோஸின் அப்பா, அப்போது அவர்தான் சபை மூப்பர், “எய்யா மாசிலாமணி, நீ வாளியத் தொடாத, கையப் பாரு, ஜனம் எப்படிச் சாப்பிடும்?” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மனைவி அன்னபாக்கியம் பெண்கள் வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவர் கோவில் மணியைப்போல இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூப்பர் செத்து அடக்கம் பண்ணினபோது குழிக்கு ஒரு கைப்பிடி மண் போடாமல் வந்தார். வந்து வீட்டில் சொன்னபோது அன்னபாக்கியம், “செத்தவருக்கு மண்ணுக்காப் பஞ்சம்? நீங்க போடாட்டா அவரு எந்திரிச்சு வந்திருவாராக்கும்” என்றாள். அவளுக்கு எதுவும் மனசில் நிற்காது. இவருக்கு எதுவும் போகாது. “திரு. அகஸ்டின், போர்வெல்லில் தண்ணீர் கிடைத்ததற்காக.” கறை இல்லை. அடுத்த கவர்.

அந்த மூப்பரின் மகன்தான் ஏனோஸ். மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவர்தான் ஒருநாள் கடைக்கு வந்து, பஞ்சருக்கு இல்லை, சும்மா, ஸ்டூலில் உட்கார்ந்து, “அண்ணே, அண்ணிக்கு சுகர் ரொம்ப இருக்காமே, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிட்டு வாங்க” என்றவர். போன முதல் நாளே இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கறுத்த கையை, தன்னுடைய இரண்டு கையாலும் பொத்தி, கண்ணை மூடி, அழுது ஜெபித்தார். யாரும் அதுவரை பிடித்ததில்லை. செல்வின் ஐயர் உழைக்கிற கைகளைப் பற்றி அருமையாகப் பிரசங்கம் பண்ணுவார், இயேசு தச்சன், இயேசு தொழிலாளி, உப்பளத்து ஆட்கள் கூலிக்காக ரோட்டில் உட்கார்ந்தபோது அங்கியோடு போய்க் கூட உட்கார்ந்தவர். அது பெரிய காரியம்தான், யார் செய்வார்கள். ஆனால் கோவில் வாசலில் கைகுலுக்கும்போது இவருடைய விரல் நுனியை மட்டும்தான் தொடுவார். இப்படி எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்க்கிற புத்தி தனக்கு எதற்கு. அலுப்பாக இருந்தது. கையைப் பிடித்த ஒரே காரணத்துக்காகத்தான் ஏனோஸ் பின்னால் போனாரா. ஆமாம். பேய் ஓட்டுகிறதும் ஆவி இறங்கிப் பேசுகிற அந்நிய பாஷையும் இவருக்குப் பிடிபடவே இல்லை, நாக்கு புரளவில்லை, பக்கத்தில் எல்லோரும் பேசும்போது சும்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கை மட்டும் போதுமாக இருந்தது. ஐயர் அந்தக் கூட்டத்தைக் கோவில் மண்டபத்தில் நடத்தக்கூடாதென்று பூட்டுப் போட்டார். சுவிசேஷத்தில் பேய் என்று எழுதியிருக்கிறதெல்லாம் அந்தக் காலத்து வியாதி என்று பிரசங்கத்தில் சொன்னார். ஏனோஸ் ஆட்கள் மண்டபத்து வராந்தாவில் பாய் விரித்து, இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். ஒரே கோவில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே கல்லறைத் தோட்டம். மேலே இருக்கிறவர் இந்த இரண்டு சத்தத்தையும் எப்படித்தான் கேட்கிறாரோ.

மூன்று நாள் உபவாசம் என்று ஏனோஸ் அறிவித்தது ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில். அன்னபாக்கியம் மூன்று நாளும் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும்தான். இன்சுலின் ஊசி போடவில்லை, சாப்பிடாமல் ஊசி போட்டால் மயக்கம் வரும் என்று அவளுக்கே தெரியும். நான்காம் நாள் காலையில் இவர் அவளைக் கூட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். விரலில் குத்தி மிஷினில் வைத்த பையன், “நூத்தி பதினெட்டு, ஆச்சி சூப்பர்” என்றான். முந்நூறுக்குக் கீழே பார்த்தே இராத சர்க்கரை. நூற்றுப் பதினெட்டு. அவள், “மிஷினு ரிப்பேரா இருக்கும், இன்னொரு தடவ குத்துப்பா” என்றாள். இன்னொரு தடவை குத்தினான். நூற்றுப் பதினாறு. ஏனோஸ் கேட்டதும் நடுரோட்டில் கையை உயர்த்தினார். மூன்று நாள் சாப்பிடாதவளுக்கு சர்க்கரை எங்கிருந்து இருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனோஸ் பி.காம் படித்தவர். இவர் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அப்புறம் பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா, “பட்டினி கெடந்தா குறையத்தானே செய்யும் தாத்தா” என்று சொன்னபோதுதான், ஓட்டை இருக்கிற டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினதும் குப்பென்று குமிழி வருமே, அப்படி வந்தது. “செல்வன் ரோகித், பத்தாம் வகுப்புத் தேர்வில் வெற்றி பெற்றதற்காக.” ஸ்தோத்திரம்.

“சாட்சி சொல்லணும்ணே. கர்த்தர் செஞ்சத மறைச்சா சுகம் நிக்காது” என்று ஏனோஸ் சொன்னார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னால் போதும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். மாசிலாமணிதான் கோவிலில் கவர் போடுகிறேன் என்றார். கவர் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதை ஏனோஸ் தலையில் கட்ட முடியாது. அவருடைய பெயர் பலிபீடத்திலிருந்து வாசிக்கப்பட்டது வாழ்நாளில் ஒரே காரியத்துக்குத்தான், கல்யாண அறிவிப்பு ஓலை, மூன்று ஞாயிறு. அதற்குப் பிறகு மற்றவர்களின் பேரனும் வீடும் பேங்க் வேலையும் வாரா வாரம் வாசிக்கக் கேட்டுக்கொண்டே வயசாகிவிட்டது. நம் வீட்டிலும் கர்த்தர் ஒன்று செய்திருக்கிறார், அசனத்தில் சிரித்தவன் எல்லாம் கேட்கட்டும். எழுதினார். ‘என் மனைவி அன்னபாக்கியம் சர்க்கரை வியாதியிலிருந்து பூரண சுகம் பெற்றதற்காக.’ பூரண என்பது ஏனோஸ் சொல்லிக்கொடுத்த வார்த்தையா, இவராகவே போட்டதா. இவராகவே போட்டது. எத்தனை தடவை யோசித்தாலும் அந்த வார்த்தை வந்து அங்கேயேதான் சிக்குகிறது, பிரேக் கட்டையில் சிக்கின துணிபோல. உபதேசியார் அதை வாசித்தபோது கோவிலே குலுங்கியது. அன்னபாக்கியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஐயர் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நிறுத்தி, “அம்மா, ஊசிய மட்டும் நிப்பாட்டிராதீங்க” என்றார். இவருக்குச் சுருக்கென்றது. நம் வீட்டு நன்மையை இவரால் பொறுக்க முடியவில்லை என்று நினைத்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனார். அவளுக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது, காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஊசி மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அடுப்படி மூலையில் ஒரு மண்கலயத்தில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைத்திருப்பாள். கவர் வாசித்த பிறகு ஊசி போடுவதை விட்டுவிட்டாள், ஆனாலும் அந்தக் கலயம் அங்கேயேதான் இருந்தது. காலையில் பழைய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவாள். இவர் அதைப் பார்த்தார். தினமும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். சிவகாசியிலிருந்து மகள் ஏஞ்சல் போன் பண்ணி, “அப்பா, அம்மா ஒழுங்கா ஊசி போடுதாளா?” என்று கேட்டபோது, “போடுதா, போடுதா” என்று சொன்னார். வைகாசியில் வலது காலில் செருப்பு கடித்த இடம் புண்ணாகி ஆறாமல் நின்றது. “உங்களுக்கு டியூப்புல ஊசி முனை அளவு ஓட்டைன்னாலும் தெரியும். என் கால்ல இவ்வளவு பெரிய ஓட்டை, அது தெரியல பாத்தீங்களா” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், அதனால் கேட்காததுபோல இருந்துவிடலாம். அப்புறம் ஒரு மத்தியானம். கடையடைத்துவிட்டுச் சாப்பிட வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டு, மோர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “இங்கேருங்க” என்றாள். “ம்” என்றார். “நான் ஊசி போட்டுக்கிடட்டுமா? ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் தெரியாம.” அவர் என்ன சொன்னார். “திருமதி ஸ்டெல்லா, கர்ப்பப்பை ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக.” என்ன சொன்னார். இரண்டு மாதமாக அந்த இடத்துக்கு வந்ததும் வேறு எங்காவது போய்விடுவார், ஏனோஸிடம் போவார், ஐயரிடம் போவார், மூப்பரின் சாம்பார் வாளிக்குப் போவார், போக எத்தனையோ இடம் இருக்கிறது. இன்றைக்கு உபதேசியாரின் கையில் கட்டு மெலிந்துகொண்டே வருகிறது. ‘கோவில்ல வாசிச்சாச்சே’ என்றார். அவ்வளவுதான். மோர் ஊத்து என்றார். ஊற்றினாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். இரண்டு நாளும் ஐயர் வந்தார், வீட்டிலிருந்து ஃப்ளாஸ்கில் காப்பி கொண்டுவந்து இவருக்கு ஊற்றிக் கொடுத்தார், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஏனோஸ் வெளியே வேப்ப மரத்தடியில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் முழங்காலில் நின்றார், வெள்ளை வேட்டியெல்லாம் மண். இரண்டு பேரையும் வெறுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஆனால் ஃப்ளாஸ்க் குறுக்கே வருகிறது, மண் பட்ட வேட்டி குறுக்கே வருகிறது. அடக்க ஆராதனையில்தான் ஐயர் அதைச் சொன்னார். பெட்டி திறந்திருக்க, அவள் முகத்துக்கு நேரே, “அறியாமை ஒரு உயிரைக் கொண்டுபோய்விட்டது” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார், அது நிஜம். ஆனால் அறியாமை என்று சொன்னது யாரை. வலது பக்க பெஞ்சுகள் இடது பக்கத்தைப் பார்த்தன. அவளுக்கா அறியாமை, தினம் தண்ணீர் மாற்றி வைத்தவளுக்கு. மூன்றாம் நாள் ஏனோஸ் வந்து, “அண்ணிக்குக் கடைசி வரைக்கும் விசுவாசம் தளரல, பாக்கியவதி” என்றார். அதுவும் இல்லை. இரண்டு பேருமே அவளை விட்டுவிட்டு வேறு யாரையோ பற்றிப் பேசினார்கள். பிறகு ஐயர் பக்கத்திலிருந்து மேலிடமான திருமண்டலத்துக்கு மனு போயிற்று, ஏனோஸ் பக்கத்திலிருந்து பதில் மனு போயிற்று. இன்றைக்கு மூன்று மணிக்குத் திருமண்டல ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்து மாசிலாமணியை விசாரிக்கப்போகிறார்கள். இவர் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் ஜெபக்குழு இருக்குமா போகுமா, ஐயர் இந்த ஊரில் இருப்பாரா மாற்றலா என்பதெல்லாம். ஐயர் நேற்றுக் கடைக்கு வந்து, “ஐயா, ஊசிய நிறுத்தச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. நடந்தத மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார். ஏனோஸ் இன்று காலையில் வாசலில் தோளைத் தொட்டு, “நான் வாயத் தொறந்து ஊசிய நிறுத்துன்னு சொன்னனாண்ணே? உங்க மனசாட்சிக்குத் தெரியும்” என்றார். தெரியும். இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்வி. இரண்டு பேருக்கும் பதில் இவரிடம் இருக்கிறது, அது இரண்டு பேருக்குமே உதவாது.

மூன்று மணிக்கு விசாரணை நடக்கும் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டால் என்ன என்று நேற்று முழுக்க யோசித்தார். எழுதிக்கொள்வார்கள், ஃபைலில் வைப்பார்கள், யாரோ ஒருவர் ஜெயிப்பார். ஆனால் சுகம் என்ற பொய்யை அவர் அறைக்குள் சொல்லவில்லை. இந்த மைக்கில் வாசிக்க வைத்தார், இந்த ஜனத்துக்கு முன்னால். அதனால் கடையில் உட்கார்ந்து, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனைக்கு நடுவில், அவள் ஊசி கேட்டதையும் தான் சொன்னதையும் ஒரு முழுத்தாளில் எழுதினார். யாரிடமும் எழுத்துக் கேட்கவில்லை. ‘ஊசி’க்கு எந்த ஊ என்று சந்தேகம் வந்து மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். மடித்துக் கவரில் வைத்து, கோவில் திறந்ததும் முதல் ஆளாக வந்து பெட்டியில் போட்டார். விழுந்த சத்தம் கேட்டது. அப்போது தைரியமாகத்தான் இருந்தது. இப்போதுதான் ஒவ்வொன்றாக எண்ணுகிறார். ஏஞ்சல் காதுக்குப் போகும். போடுதா போடுதா என்று சொன்னதும் சேர்த்துப் போகும். கடைக்கு யாரும் வரமாட்டார்கள். அது கிடக்கட்டும், இப்போதே யார் வருகிறார்கள். ஏனோஸ் இனி இந்தக் கையைப் பிடிக்கமாட்டார்.

உபதேசியாரின் கையில் இரண்டு கவர்தான். மேலே இருந்ததன் மூலையில் கறை. இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. உபதேசியார் தாளை விரித்தார். மற்றதெல்லாம் கவர் மேலேயே எழுதியிருக்கும், தாள் இதற்கு மட்டும்தான். “திரு. மாசிலாமணி” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் வந்தது. அவருடைய கண் தாளில் இறங்கி, மறுபடி மேலே ஏறி, மறுபடி இறங்கியது. கண்ணாடிக்கு மேலாகத் தூணைப் பார்த்தார். நல்ல மனுஷன், ஊரில் ஒருவருக்கும் கெட்டது நினைக்காதவர். தாளை இருந்த மடிப்பிலேயே மடித்தார். “திரு. மாசிலாமணி, கர்த்தர் செய்துவருகிற சகல நன்மைகளுக்காக” என்றார்.

“ஸ்தோத்திரம்! அல்லேலூயா!” என்றது இடது பக்கம். வலது பக்கம் தலையை ஆட்டியது.

முடிந்தது. இப்படியே உட்கார்ந்துவிடலாம். கர்த்தரே அப்படி வாசிக்க வைத்தார் என்றுகூட ஏனோஸ் மாதிரிச் சொல்லிக்கொள்ளலாம். ஃபேன் முனகியது. கண்ணுக்குள் கலயத்துத் தண்ணீரில் பிளாஸ்டிக் பை மிதந்துகொண்டிருந்தது. அடக்கத்துக்கு மறுநாள் பார்த்தபோது கலயத்தில் தண்ணீர் பெரிதாகக் குறையாமல் இருந்தது, அவள் மயங்கி விழுந்த அன்று காலையிலும் தண்ணீர் மாற்றியிருக்கிறாள். எதற்காக மாற்றினாள். இவர் போட்டுக்கோ என்று ஒரு நாள் சொல்லிவிடுவார் என்றுதான்.

நாற்காலி கல் தரையில் இழுபட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “உபதேசியாரே” என்றார் மாசிலாமணி. “அதுல அப்படி எழுதல.”

“அண்ணாச்சி, உக்காருங்க. ஆராதன முடியட்டும், பேசிக்கிடலாம்.”

“எழுதியிருக்கத வாசிங்க.”

“மூணு மணிக்குத்தான் கூட்டம் இருக்கே ஐயா” என்று செல்வின் ஐயர் பலிபீடத்திலிருந்து மெதுவாகச் சொன்னார். ஏனோஸ் பாதி எழுந்து, “அண்ணே, சாத்தானுக்கு இடங்குடுக்காதீங்க” என்றார். மாசிலாமணி நடு வழியாக நடந்தார். இரண்டு பக்கமும் முகங்கள். வலது முழங்கால் ஒவ்வொரு எட்டுக்கும் சொடுக்கியது. அவள் செருப்பு அறுந்து காலை இழுத்துக்கொண்டு வந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். படியில் ஏறியதும் கையை நீட்டினார். “கொண்டாங்க. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கேன். நேரமாகும். உக்காந்து கேளுங்க.” உபதேசியார் ஐயரைப் பார்த்தார், ஐயர் ஏனோஸைப் பார்த்தார். தாள் கைக்கு வந்தது. தாளை விரித்ததில் மைக்கில் காகிதச் சத்தம் மழைபோலக் கேட்டது. இரண்டு பெருவிரலும் தாளின் இரண்டு ஓரத்தில் கறுப்பாக இருந்தன. எழுத்தெல்லாம் எறும்புபோல ஊர்ந்தன. எதையும் பிடிக்க முடியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு மேல் வரியின் தொடக்கத்துக்குப் போனார். அவள் பெயரில் ஆரம்பித்திருந்தார். அதை மட்டும் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை.

“அன்னபாக்கியம்” என்றார்.